என்னைக் காப்பாற்றச் சொன்னது யார்?

எசிபெலேனி,
கோமானி,
ஜூலை 9.

அன்புள்ள நோமோண்டேவுக்கு,

நீயும் உன் மகனும் மருமகளும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதி நேரம் எடுப்பதில்லை. எடுத்தாலும், “அமைதியா இரு வுயெல்வா, பிரஷர் ஏறிடப் போகுது” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வருகிறது. நம் சங்கத்துக் கிழவி மாட்லமினிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒரு இயந்திரம் படுத்துவிட்டது. போர்வைகளைக் கையால் அலசுகிறோம். நல்லதுதான். யாரையாவது பிழிய வேண்டும் போல இருக்கிற சமயத்தில் போர்வை கிடைக்கிறது.

சிஷுபா ஐயா வீட்டை விற்கப் போகிறார் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அவர் என்னிடம்தான் முதலில் வந்தார். “மகளே, வெளியாளுங்க ரெண்டு பேர் விலை பேச வந்துட்டாங்க. ஆனா நீ இத்தனை வருஷம் வாடகையை ஒரு நாள் தள்ளிக் குடுத்ததில்ல. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன், அதுக்குள்ள பேங்கைப் பாரு” என்றார். சமையலறைச் சுவரை என் புருஷன் தன் கையால் கட்டினான் என்பது உனக்குத் தெரியும். நீதானே அன்று எங்களுக்குச் சோறாக்கிக் கொண்டு வந்தாய். அந்தச் சுவருக்கு இன்னும் நான் வாடகை கொடுக்கிறேன். அது எனக்குச் சொந்தமாக வேண்டும் என்று நினைத்தது பேராசையா, சொல்.

பேங்கில் ஒரு சின்னப் பெண். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சீக்காளியிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினாள். “அம்மா, நீங்க கடன் மறுஆய்வுல இருக்கீங்க. அது போற வரைக்கும் எந்த பேங்கும் உங்களுக்கு ஒரு ராண்ட் தராது” என்றாள். நான் சிரித்துவிட்டேன். கடனைக் கட்ட முடியாமல் மூச்சு முட்டுகிறவர்கள் தாங்களாகவே ஒரு ஆலோசகரிடம் போய், என் தவணையைக் குறைத்து வாங்கிக் கொடு என்று எழுதிக் கொடுப்பதல்லவா அது? அப்படி எழுதிக் கொடுத்தால் பெயருக்கு நேரே குறி விழும். குறி இருக்கும்வரை புதுக் கடன் கிடையாது. கேட்டுப் போனவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு இருந்தது சோபாவுக்கான தவணை ஒன்றுதான். அதையும் கெடுவுக்கு முன்னாலேயே கட்டி முடித்துவிட்டேன். “வேற எந்த வுயெல்வாவையோ பார்க்கறம்மா நீ” என்றேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். நான்தான்.

நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். இது பொய்ப் பதிவு, எடுத்துவிடுங்கள் என்று. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? என் பெயரைப் பதிந்த ஆலோசனைக் கம்பெனிக்காரனிடமே போய், இது உண்மையா என்று கேட்டார்கள். அவன் உண்மை என்றான். உடனே, விசாரித்துவிட்டோம், கையெழுத்து உங்களுடையது, புகார் முடிந்தது என்று எனக்குப் பதில். கோழியைப் பற்றி நரியிடம் விசாரித்திருக்கிறார்கள்!

கம்பெனிக்கே போன் போட்டேன். ஒருத்தி தேன் ஒழுகப் பேசினாள். குறியை எடுக்கலாமாம், ஆனால் முதலில் கட்டணத்தைக் கட்ட வேண்டுமாம். எதற்கடி கட்டணம் என்றால், “உங்களைக் கடன்லேர்ந்து காப்பாத்தறதுக்கு நாங்க எடுத்த முயற்சிக்கும்மா” என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! “யாருடி உன்னைக் காப்பாத்தச் சொன்னது? நான் எந்த ஆத்துல விழுந்து கிடந்தேன்?” என்று கத்திய கத்தலில் சலவைப் பிரிவே வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு அந்தக் கையெழுத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். என்னுடையதுதான். தேதியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

போன அக்டோபரில் மாட்லமினி வீட்டில், சாவுச் செலவுக்கு மாதா மாதம் பணம் போடுகிறோமே, அந்த நம் ஈமச் சங்கக் கூட்டம். கூர்மூக்குச் செருப்புப் போட்ட ஒருவன் வந்து வீட்டுச் செலவைச் சுருக்குவது பற்றிப் பேசினானே, அந்த ஞாயிறு. அவன் பேச்சை யார் கேட்டார்கள்? எல்லோரும் மாட்டுக் குடல் வெந்துவிட்டதா என்று அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் காகிதம் சுற்றி வந்தது. நம் சங்கத்தில் காகிதம் வந்தால் என்ன செய்வோம்? வருகைப் பதிவு, போடாவிட்டால் அபராதம். பேச்சை நிறுத்தாமலே கை கையெழுத்துப் போட்டுவிடும். அதுவும் நீ நீட்டினால், “போடுங்கடி, அப்புறம் ஃபைன்னு என்கிட்ட அழாதீங்க” என்று நீ சொன்னால், யார் படித்துப் பார்ப்பார்கள்? செயலாளர் நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்ப்பது உன்னை அவமதிப்பது போல அல்லவா?

அதில் என் அடையாள எண் முன்கூட்டியே அச்சாகி இருந்தது, நோமோண்டே. எனக்கே மனப்பாடம் இல்லாத எண். சாவுக் காப்பீட்டுக்காகச் சங்கத்தில் கொடுத்து வைத்தது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மாட்லமினி பெயரிலும் அதே குறி இருக்கிறது. சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “இந்த வயசுல எனக்கு யாருடி கடன் தரப் போறாங்க, சவப்பெட்டிக்காரனைத் தவிர?” என்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு ஆகஸ்ட் முடிந்தால் வீடு இல்லை.

இலவசச் சட்ட உதவியில் யான்ட்டிஸ் என்று ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறாள். கறாரானவள், எனக்குப் பிடித்திருக்கிறது. கோர்ட் இன்னும் எனக்கு எதிராக எந்த உத்தரவும் போடவில்லையாம். அதனால் இந்தப் பெண் கடனில் தத்தளிக்கவில்லை என்று மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னால் குறியை எடுத்தே ஆக வேண்டும். ஆகஸ்ட் ஆறாம் தேதி விசாரணை. ஆனால் கம்பெனிக்காரன் சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் நம் கோசா மொழியிலேயே விளக்கினார்களாம், பெண்கள் விரும்பித்தான் கையெழுத்திட்டார்கள், சங்கத்தின் செயலாளரே இதற்குச் சாட்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். உன் பெயரை முழுசாக, எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான்.

யான்ட்டிஸ் அம்மா என்னைக் கேட்டாள்: “இந்தச் செயலாளர் உங்களுக்கு எப்படி? வேண்டியவங்களா, வேண்டாதவங்களா?” நான் சொன்னேன்: “என் புருஷன் செத்தப்ப, அடக்கம் முடியற வரைக்கும் விதவை தரையில மெத்தை போட்டு உட்காரணுமே, அந்த மெத்தையில என்கூட உட்கார்ந்திருந்தவ. நான் தூங்கினப்பவும் அவ எழுந்திரிக்கல.” வக்கீலம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

நீ கேப் டவுனுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். வாரா வாரம் ஜன்னலைத் திறந்து வைத்துக் கூட்டிவிட்டு வருகிறேன். முன்னறையில் புது கேஸ் ஹீட்டர் இருக்கிறது, அந்தக் கம்பெனியின் பெயர் ஒட்டியபடியே. தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீ என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதை இப்போது தொடங்க வேண்டாம்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் உன்னை எதிர்ப்பக்கத்தில் பார்க்க என்னால் முடியாது.

ஐந்தாம் தேதி இரவு பஸ்ஸில் ஏறிவிடு. டிக்கெட்டுக்கு நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. விடிகாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வருகிறேன். உன் சங்கச் சீருடையை அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் கேட்டால், அன்று நடந்ததை நடந்தபடி சொல். காகிதத்தை நீட்டியபோது என்ன சொன்னாய் என்று மட்டும் சொன்னால் போதும். நான் சொல்வதைவிட நீ சொல்வதைத்தான் அவர் நம்புவார். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

கோர்ட்டில் ரொம்பக் குளிராக இருக்குமாம். பெரிய போர்வையாகக் கொண்டு வருவேன். பெஞ்சில் என் வலது பக்கம் யாரையும் உட்கார விடமாட்டேன். அன்று மெத்தையில் நீ அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாய்.

கடவுள் உன் பிரயாணத்துக்குத் துணையிருக்கட்டும்.

உன் வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும்,
வுயெல்வா