பழைய பள்ளியின் கடைசி அறை

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. அரைநாள் விடுப்பு. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட், பழைய ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடம். பள்ளி ஊருக்குள் மாறிய பிறகு பூட்டியே கிடந்தது. இப்போது பொதுமண்டபமாக்கப் போகிறார்கள். வரைபடம் என் பொறுப்பு.
கூரை: ஒழுகல். தரை: திடம். கழிவறை: இடிக்க வேண்டும். எங்கும் வௌவால் நாற்றம்.
கடைசி அறையின் கதவை அளந்தேன். சவப்பெட்டி நுழையும், தூக்குபவர்கள் நுழைய முடியாது. அகலப்படுத்த வேண்டும்.
பிறகு அம்மா வீடு. நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பெட்டி படியேறவில்லை. கீழே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே கிடத்திச் சடங்கு. மேலிருந்து பார்த்த அம்மா, "என்னையும் மோட்டோ நிக்கிற எடத்துலதான் போடுவீங்களா?" என்றாள். இப்போது கேட்பதில்லை. புற்று ஈரலுக்குப் போய்விட்டது. சில வாரங்கள்தான் என்கிறார் மருத்துவர். எழுதினால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். இல்லை.

நவ. 9, ஞாயிறு
வெயில். மண்டபக் குழுக் கூட்டம். தேத்தண்ணி, ஆறிப்போன கறிபாப்.
செயலாளர் சாந்தி அக்கா, மகளுக்குத் தையில் கல்யாணம்: "பொணம் கெடந்த எடத்துல எவ லா தாலி கட்டிக்குவா?"
தலைவர் மணியம் அண்ணே: "அப்ப செத்தவன மோட்டோ நிக்கிற எடத்துலயே போடலாமா? பார்க்கிங் சம்மன் ஒட்டிட்டுப் போவான் லா."
"சும்மா இருங்கண்ணே. பந்தி போடுற எடம்."
"ஒனக்கு மட்டும் சாவே வராது பாரு."
படத்தை விரித்தேன். கல்யாணத்துக்கு முன்வாசல். இறப்புக்குக் கடைசி அறை, பின்பக்கம் தனிக் கதவு, தனி வழி.
சாந்தி அக்கா படத்தில் விரல் வைத்தார். "நடுச்சுவரு கூரை வரைக்கும் போகணும். அழுவுற சத்தம் இந்தப் பக்கம் கேக்கக் கூடாது."
சரி என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள். கடைசி அறையிலிருந்து வேலையைத் தொடங்கச் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மணியம் அண்ணே மட்டும், "அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

நவ. 10, திங்கள்
தூறல். அம்மாவுக்குக் கஞ்சி, இரண்டு வாய். கால் நகம் வெட்டும்போது சொன்னேன், மோட்டோ நிற்கும் இடம் வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே இடம் வருகிறது என்று.
"தோட்டத்துப் பள்ளிக்கூடமா? எந்த ரூம்பு?"
"கடைசி ரூம்புமா. ஆறாம் வகுப்பு இருந்துச்சே, அது."
அம்மா சிரித்தாள். சத்தமாகவே.
"என்னய மூணோட நிப்பாட்டி பால்மரம் வெட்ட அனுப்பிட்டாங்க. இப்பவாச்சும் ஆறாவதுக்குள்ள விடுறாங்களே."
இடது கால் நகங்கள் பாக்கி.