பீங்கானில் பொட்டு

18 அக்டோபர் 1997, சனி

இழையில் இன்றும் அதே மணி. இழை மழமழவென்று வரவேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் பாசிமணி கோர்த்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கிறது. ஊசிக்கு இருபதாயிரம் வோல்ட் கொடுத்தால் பாலிஸ்டைரீன் கரைசல் காற்றிலேயே இழுபட்டுக் காய்ந்து, எதிரே சுழலும் உருளையில் முடியைவிட மெல்லிய நூலாகப் படியும். முகமூடிக்கு வடிகட்டி. இவ்வளவுதான் விஷயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாளி வார்க்கும் ஒரு கம்பெனியின் பின்கொட்டகையில் இதைச் செய்ய நான்தான் கிடைத்தேன். டிசம்பருக்குள் வாங்குபவர்களுக்கு மாதிரி போயாக வேண்டும்.

24 அக்டோபர், வெள்ளி

லோகநாதன் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பொட்டு வைத்தான். தராசு, மோட்டார், ஊசியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் வரைக்கும். கொரட்டூர்க்காரன், கரைசல் கலக்குவது அவன் வேலை.

“இதெல்லாம் எனக்கு எதுக்கு லோகு?”

“உனுக்கு இல்ல சார், மிஷினுக்கு. அது நல்லா ஓடுனாத்தானே நான் பர்மனென்ட்டு!”

ஆர்டர் வந்தால் அவனை நிரந்தரமாக்குவதாக முதலாளி சண்முகசுந்தரம் சொல்லியிருக்கிறார். அதுவரை தினக்கூலி.

1 நவம்பர்

மழை. கல்லூரி நுண்ணோக்கியில் பெரிதாக்கி எடுத்துத் தந்த படத்தில் இழை முழுக்க அம்மைத் தழும்பு. இது புரிகிறது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்று துளியாகப் படிந்து குழி விழுகிறது. ஈரம் வற்ற, ஊசியைச் சுற்றிக் கூண்டு கட்டி உள்ளே பல்பு போட்டுவிட்டேன்.

6 நவம்பர்

குழி போயிற்று. மணி போகவில்லை.

10 நவம்பர், திங்கள்

வோல்ட் குறைந்தால் மணி விழும். ஆனால் மீட்டர் இருபதாயிரம் காட்டுகிறது. கரைசல் நீர்த்தாலும் விழும். அப்படியானால் மிச்சம் யார்? லோகநாதன்தான்.

“நான் இன்னா கம்மியாவா கொட்றேன்? தராசு அங்க கீது, நீயே பாத்துக்கோ சார்.”

கத்திவிட்டேன். முதலாளி வந்தார். “கை சரியில்ல சார்” என்றேன். “அப்ப வாளிப் பக்கம் அனுப்பிடு” என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

லோகநாதன், தான் கலக்கி வைத்திருந்த புட்டியின் மூடியை மட்டும் இறுக்கிவிட்டுப் போனான்.

15 நவம்பர்

கழுவ ஆளில்லை. நானே எல்லாவற்றையும் அசிட்டோன் போட்டுத் தேய்த்தேன். குங்குமக் கறை லேசில் போகவில்லை.

17 நவம்பர்

மணி இல்லை! என் கரைசல், என் கை. மழமழவென்று, பட்டு மாதிரி. நான் சொன்னது சரி.

29 நவம்பர்

மாதிரி போய்விட்டது. முதலாளி கை கொடுத்தார்.

3 டிசம்பர், புதன்

என் கரைசல் தீர்ந்தது. அலமாரியில் லோகநாதன் கலக்கிய புட்டி இருந்தது. கெட்டதுதானே, எப்படி மணி விழுகிறது பார்ப்போம் என்று ஓட்டினேன்.

ஒரு மணிகூட இல்லை.

திரும்ப ஓட்டினேன். இல்லை. அப்போ — என்ன மாறிச்சு? கூண்டு அதே. ஊசி அதே. நான் தேய்த்ததைத் தவிர —

4 டிசம்பர்

சந்தனம் குழைத்து, குங்குமம் சேர்த்து, பீங்கானில் அதே இடத்தில் நானே ஒரு பொட்டு வைத்தேன். கூண்டின் பல்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ‘ஸ்ஸ்’ என்று சத்தம். பொட்டின் மேல் ஊதாக் கீற்று. மின்சாரம் அந்த ஈரத்தில் கசிந்து இரும்பு மேஜைக்கு இறங்குகிறது. ஊசிக்குப் போவது பாதிதான். மீட்டர் மின்சாரப் பெட்டிக்குள் இருப்பதைத்தான் காட்டும். ஊசியில் வைத்து அளந்தேனா? இல்லை. படிச்சவன்டா நீ!

மணி மணியாக விழுந்தது.

5 டிசம்பர், வெள்ளி

வாளிப் பக்கம் போனேன். அச்சு மிஷின் சூட்டில் லோகநாதன் நின்றார். சொன்னேன், எல்லாவற்றையும்.

கையுறையைக் கழற்றினார். “அப்ப நான் வெச்ச பொட்டுதான் என்ன கவுத்துச்சா?”

“இல்ல. நான்தான்.”

“உடு சார்.”

முதலாளியிடமும் போனேன். “ஆர்டர் வந்தாச்சு, அந்த இடத்துக்கு என் மச்சினன் திங்கக்கிழம வரான். இப்ப போய் இதெல்லாம் எதுக்குப்பா?” என்றார்.

12 டிசம்பர், வெள்ளி

லோகநாதன் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை. கணக்கு முடித்துக்கொண்டாராம். கொரட்டூரில் அவர் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது.

மச்சினன் நன்றாகத்தான் கலக்குகிறான். பொட்டெல்லாம் வைப்பதில்லை.

ஓட்டுவதற்கு முன் சந்தனம் குழைத்தேன். பீங்கானில் வைக்கக்கூடாது. மேஜையின் கால் எர்த்தில் இருக்கிறது. அங்கே வைத்தால் ஒன்றும் கெடாது. குனிந்து, அங்கே வைத்தேன்.