மூக்கில் ஒளித்த இரண்டாவது பற்றரி

மச்சான்,

இன்று மத்தியானம் வெள்ளவத்தையில் கரண்ட் போய்விட்டது. எங்கள் மாடிக் கட்டடத்து ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும்ப, டீசல் மணம் ஜன்னலால் வந்தது. உடனே உன் ஞாபகம். "ஒண்டு செத்தால் மற்றது பொறுப்பெடுக்க வேணும், அவ்வளவுதான் கதை" என்பாய்.

பென்ஷன் எடுத்த கையோடு நாம் கட்டிய ரிமோட் கிளைடருக்குச் சிறகு மட்டும் நான்கு மீற்றர். உன் கொட்டாஞ்சேனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது கிடந்த எட்டு மாதமும் உன் மனைவி சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார். சுக்கான்களை அசைக்கும் பற்றரி வானத்தில் செத்தால் ரிமோட்டால் பயனில்லை, விழும். ஆகவே இன்னொரு பற்றரி வேண்டும் என்றாய் நீ. பாரம் கூடும் என்றேன் நான். ஒரு கிழமை கதைக்கவேயில்லை. பிறகு நீயே இறங்கி வந்தாய்: "சரி, சமநிலைக்கு மூக்கில வைக்கிற பாரத்துக்கு ஈயத்தையே வைக்கிறன்." பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது என் பொறுப்பு.

ஹெந்தளைக் கடற்கரையில் என்ன அழகாக எழும்பியது! கீழே குடும்பம் குடும்பமாகச் சனம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல்நாள் சட்டை அயர்ன் பண்ணவென்று சார்ஜரைக் கழற்றிய நான் திரும்பச் செருகவேயில்லை. ரிமோட்டோ உன் கையில்.

"ஏன்ரா இப்பிடி வேர்க்குது?"

"வெயில். காணும் மச்சான், இறக்கு."

"இப்பதானே ஏறினது! இன்னும் ஒரு சுத்து."

முதல் சுற்றுக்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். ஐந்தாவது சுற்றில் பதினொன்றாகிவிட்டது.

பூப்போல இறக்கினாய். நான் வைத்த பற்றரியின் லைட் அணைந்திருந்தது. மூக்கைத் திறந்தாய், ஈயம் இல்லை. அங்கே இன்னொரு பற்றரி, பச்சை லைட்டோடு.

"ஈயம் எண்டுதானே சொன்னனீ!"

"பொய்தான்."

என் பற்றரி பழுது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்த, நீ பவ்வியமாகத் தலையாட்டினாய். கோயிலுக்கும் வந்து, நான் குனிந்து குனிந்து தேங்காய் உடைக்க, சத்தமாக எண்ணினாய்.

நீ கண்ணை மூடிய முப்பத்தோராம் நாள், தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது உன் மனைவி சொன்னார்: "அண்ணை, கிளைடர் விட்ட அண்டைக்குக் காலமை இவர் உங்கட வீட்டுக்குப் போன் எடுத்தவர். சார்ஜர் சும்மா தொங்குதெண்டு உங்கட வீட்டு அக்கா சொன்னவ. பிறகுதான் ஈயத்தைக் கழட்டிப்போட்டுத் தன்ர பற்றரியை வச்சவர்."

எல்லாம் தெரிந்துகொண்டா சுற்றிச் சுற்றிக் காட்டினாய்? தேவாலய வாசலில், கறுப்பு உடுத்த சனத்தின் நடுவே, சிரிப்பை அடக்க முடியாமல் கைலேஞ்சியால் முகத்தை மூடினேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் உண்மையாயிற்று.

பிழை என்னுடையதுதான். ஆனாலும் உன்னோடு பிடிக்க அருமையான சண்டை ஒன்று கையில் இருக்கிறது, மச்சான். அதை வேறு யாரோடும் பிடிக்க மனமில்லை.