லண்டன் பாட்டில் உன் ஒட்டு

மாப்ளே,

இன்று காலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூனில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சலூன்காரத் தம்பி புது பிளேடை உறையிலிருந்து எடுத்து நடுவே பட்டென்று ஒடித்தார். உன் ஞாபகம் வர அந்தச் சத்தம் போதும். பாதி பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி நீ கேசட் நாடா அறுத்த அழகை இந்த ஊரில் என்னைத் தவிர யார் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்? அந்த நேரம் பார்த்துத்தான் எதிரே இருந்த டிவியில் உன் ஆட்கள் வந்தார்கள்.

உன் ஆட்கள் என்றால் லண்டன்காரர்கள். நீ போன பிறகு இங்கே கேபிள் வந்துவிட்டது. பாட்டுக்கென்றே தனி சேனல், டீக்கடையில்கூட ஓடுகிறது. இன்று வந்தவர்கள் ஐந்து பையன்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தபடி அழுதார்கள். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்கு அழுகை வந்திருந்தது. ஒருவன் கையிலும் வாத்தியம் என்று ஒன்று இல்லை. பிரிட்டிஷ் இசைக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்துவிட்டது, உலகமே கேட்டு ஆடுகிறது என்று கீழே எழுத்து ஓடியது. நுரை பூசி உட்காரவைத்தவன் எழுந்து ஓடவா முடியும்? அந்தக் கணக்கில் நானும் உலகத்தில் சேர்த்திதான்.

பாடிய பாட்டாவது புதியதா என்றால் அதுவும் இல்லை. பழைய பாட்டையே தூசி தட்டி எடுத்துப் பாடியிருக்கிறார்கள். உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த பாட்டு. அதில் ஒரு இடம் வந்ததும் சலூன்காரத் தம்பியின் கத்தி என் தாடையில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ராஜபாளையத்தில் என் மைக்செட் கடைக்குப் பக்கத்திலேயே நீ ரெக்கார்டிங் சென்டர் திறந்தாய். ஊரே என்னைப் பாய் என்று கூப்பிட, நீ மட்டும் முதல் நாளே மாப்ளே என்றாய். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற கம்பவுண்டர் மகனுக்கு நான் எந்த வகையில் மாப்பிள்ளை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கிட்டாரும், ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் கேசட்டும், கப்பலில் வேலை பார்த்த உன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தவை. நல்ல மனுஷர், ஒரு கடிகாரமோ சட்டைத் துணியோ கொடுத்திருக்கலாம்.

உன் இங்கிலீஷ் கேசட்டுக்கு வந்த கூட்டத்தையும் பார்த்தேனே. மில் முதலாளி வீட்டுப் பையன்கள், காலேஜ் பையன்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ் என்று பதிந்துகொண்டு போவார்கள். பெண்கள் போகிற பஸ் தெருவைத் தாண்டும்வரை இங்கிலீஷ் அலறும். பஸ் தாண்டியதும் கேசட்டைத் திருப்பிப் போட்டு நிம்மதியாகத் தமிழ்ப் பாட்டுக் கேட்பார்கள். ஒருவனுக்கும் ஒரு வரி அர்த்தம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் தமிழிலேயே பதிந்திருப்பார்கள்.

நீ ஒருவன்தான் உண்மையாகவே கேட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வேப்பமரம் வரை என் செம்புக்கம்பியை இழுத்துக் கட்டவைத்து, வாரா வாரம் சாயங்காலம் சிற்றலை ரேடியோவில் லண்டனைப் பிடிப்பாய். வந்து விழும் சத்தம் பாதிநேரம் அப்பளம் பொரிவதைப் போலிருக்கும். அதில் காதை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு வந்தவனைப் போல எனக்குச் சேதி சொல்வாய்.

"இந்த வாரம் லண்டனுக்கு ஒடம்பு சொகமில்ல மாப்ளே. பூராவும் மிஷின் தாளமா இருக்கு."

"வெள்ளக்காரன் நம்ம நாட்ட விட்டுப் போயி எம்புட்டு வருசமாச்சு. நீ இன்னும் அவனுக்கு நாடி பிடிச்சுக்கிட்டு இருக்க."

நீ சிரிப்பாய். நல்ல பாட்டு ஒன்று கிடைத்துவிட்டால் உன் நடையே மாறிவிடும். அதை உடனே எனக்குப் போட்டுக் காட்டி, "இது இன்னும் நம்ம ஊருக்கே வந்து சேரல, தெரியும்ல" என்பாய். சேராவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நான் கேட்பேன்.

அப்படி நீ உயிராக வைத்திருந்த பாட்டு ஒன்றை ஒரு நாள் டேப் டெக் தின்றுவிட்டது. நாடா சுருண்டு நசுங்கி வெளியே வந்தது. உன் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது ஏதும் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். நசுங்கின துண்டைப் பாதி பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினாய். பாட்டு பிழைத்தது. ஆனால் வெட்டின இடத்தில் தாளத்தில் ஒரு தட்டு போய்விட்டது. இருட்டில் மாடியிறங்கும்போது ஒரு படி இல்லாததுபோல் அந்த இடம் தூக்கிப்போடும். வேறு பிரதி கிடைக்காததால் அந்த ஒட்டோடேயே நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பாய்.

சேத்தூரில் பெண் எடுத்த மெட்ராஸ்காரர் ஒருவர் மாமனார் வீட்டுக்கு வந்தவர், உன் கேசட் பெட்டியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டுக் கடைக்கு வந்தார். சினிமாவில் ஒரு இசையமைப்பாளருக்கு உதவியாளர் என்று சொல்லிக்கொண்டார். நீ அவருக்கு நாற்காலி போட்டாய், ஃபேனைத் திருப்பி வைத்தாய், ஊரிலிருந்து பால்கோவா வாங்கிவந்து வைத்தாய். அவர் பகலெல்லாம் உட்கார்ந்து லண்டன் பாட்டாகக் கேட்டுத் தள்ளினார். பிடித்ததையெல்லாம் தனக்குப் பதிந்து தரச் சொன்னார். நீ பிழைக்கவைத்த அந்தப் பாட்டும் அதில் ஒன்று. அந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது, ஒரு தட்டு குறையும் என்று நீ எவ்வளவோ பணிவாக எடுத்துச் சொன்னாய். அவர் பால்கோவாவில் கவனமாக இருந்தார்.

பிறகு நீ கிட்டாரை எடுத்தாய். பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீ போட்டுவைத்திருந்த மெட்டு அது ஒன்றுதான். வார்த்தை இல்லை, பேர் இல்லை. மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டியது. அன்று அவருக்கு வாசித்தாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். முழுக்கக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், எழுந்து போகவில்லை.

"நல்லாருக்கு தம்பி. கேசட் எப்ப ரெடியாகும்?" என்றார்.

போகும்போது, அடுத்த ரெக்கார்டிங்கில் ஒரு கிட்டார் தேவைப்படும், மெட்ராசுக்கு வரச்சொல்லி போன் பண்ணுகிறேன் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். கைவசம் அந்த வார்த்தையை எந்நேரமும் வைத்திருக்கிற ஜாதி அது. நீ பக்கத்து மருந்துக்கடைப் போன் நம்பரைக் கொடுத்திருந்தாய். அதற்கப்புறம் மருந்துக்கடையில் மணி அடிக்கும்போதெல்லாம் உன் கை வேலையில் நின்றுவிடும். மெட்ராசுக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு பேன்ட் தைத்தாய். காலிக் கேசட் வாங்க மதுரைக்குப் போகிற வேலையைக்கூடத் தள்ளிப்போட்டாய். மெல்லிசைக் குழுவில் வாசிக்க யாராவது கூப்பிட்டால், "மெட்ராஸ்ல இருந்து சொல்லி விடுவாக, அந்தத் தேதி சரிப்படாது" என்று சொல்லி அனுப்பினாய். எனக்கு வாய் நமநமக்கும். ஆனாலும் உன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தோன்றாது.

போன் வரவில்லை. படம் வந்தது.

அந்தப் படத்துப் பாட்டை முதலில் கேட்டது நான்தான், சேத்தூர் பஸ்ஸில். லண்டன் மெட்டை அப்படியே உரித்து எடுத்துத் தமிழ் வார்த்தையைப் போர்த்தியிருந்தார்கள். அது எனக்கு ஆச்சரியமில்லை. அந்த இடம் வந்தது பார், ஒரு தட்டு இல்லை. பெரிய வாத்திய கோஷ்டி, அத்தனை வயலின், அத்தனை பேரும் உன் பாதி பிளேடு வெட்டின இடத்தில் பயபக்தியோடு ஒரு தட்டை விழுங்கிவிட்டுப் போனார்கள். ஒட்டையும் சேர்த்துக் காப்பி அடித்திருந்தான் மனுஷன். போதாததற்கு அந்த இசையமைப்பாளர் ஒரு வாரப் பத்திரிகையில், அந்த இடத்தை யோசித்துப் பிடிக்கத் தான் பட்டபாட்டை வேறு விளக்கியிருந்தார்.

கொதித்துப்போய் உன் கடைக்கு வந்தேன். நீ அதற்குள் கேசட் வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒன்ன ஏமாத்திட்டான்லே என்றேன். நீ கையைக் காட்டி என்னை அடக்கினாய். அந்த இடம் வந்தது. நீ முகத்தைச் சுளிக்கவில்லை.

"மெட்டு லண்டன்காரனுது. பாட்டு இவனுது. இந்த எடம் மட்டும் என்னுது மாப்ளே."

அதைச் சொன்னபோது உன் கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் மருந்துக்கடை மணிக்கு நீ திரும்பவே இல்லை. தைத்த பேன்ட்டை உன் தம்பி போட்டுக்கொண்டு திரிந்தான்.

அந்த வருடம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அந்தப் பாட்டுத்தான். மம்சாபுரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டப் போனபோது நீயும் கூட வந்தாய். பையன்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். தட்டு குறைகிற இடத்தில் தெருவே ஒன்றாக எகிறிக் குதித்தது. எனக்கு எரிச்சல் தாங்காமல், அசல் லட்சணத்தையும் கேட்கட்டும் என்று, உன் சித்தப்பா பிறகு ஒருவழியாக அனுப்பியிருந்த ஒட்டில்லாத லண்டன் கேசட்டைப் போட்டுவிட்டேன். கூட்டம் குதித்த இடத்தில் தட்டு வந்து நின்றது. குதித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து, நம்ம பாட்டை வெள்ளைக்காரன் திருடினது போதாதென்று தப்பாக வேறு பாடுகிறான், மாத்தும் பாய் என்றார். நீ ஒயர்ச் சுருள்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் அப்படிச் சிரிக்கவில்லை, இன்றுவரை.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. லண்டனுக்கு வாரா வாரம் நாடி பார்த்தவன் உன் கண் மஞ்சளானதைக் கண்ணாடியில் பார்க்கவில்லை. நான் சொன்னபோதும் வெயில் என்றாய். உன்னை எடுத்த அன்று உன் வீட்டு வாசலில் குழாய் கட்டியதும் நான்தான். அந்த வேலைக்கு நான் யாரிடமும் காசு வாங்கவில்லை, யாரையும் கம்பத்தைத் தொடவும் விடவில்லை. உன் அண்ணன் சொன்ன ஜெபப் பாட்டுகளை ஒன்று விடாமல் போட்டேன். உன் கிட்டார் சுவரில் மாட்டியிருந்தது. எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுபடி சலூனுக்கு வருகிறேன். டிவியில் அந்த இடம் வந்தது. லண்டன் பையன்கள் முழுத் தட்டோடு, சரியாகத்தான் பாடினார்கள். சலூன்காரத் தம்பி கத்தியை நிறுத்திவிட்டு டிவியைத் திரும்பிப் பார்த்தார். உன் பாட்டுக்குக் கல்யாண வீட்டில் எகிறிக் குதித்து வளர்ந்த வயசு அவருக்கு.

"வெள்ளக்காரன் இந்த எடத்துல தப்பு விடுதான் பாய். நம்ம பாட்டுல இங்ஙன ஒரு வெட்டு வரும், அதுல்லா அழகு."

கத்தி அப்போதும் என் தாடையிலேயே இருந்தது. பிரிட்டிஷ் இசை சௌக்கியமாக இருக்கிறதாம், மாப்ளே. உலகம் பூராவும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். இருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒருவன் அதில் வெட்டின வெட்டு ஆறவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

முகம் துடைத்துக்கொண்டு எழுந்தேன். உன் மெட்டு வாயில் வந்தது. சும்மா இருக்கும்போதும் ஒயர் சுற்றும்போதும் அதுதான் வருகிறது. இத்தனை வருடம் அவர்கள் பாட்டைத் திட்டித் தீர்த்தவன் வாயில் ஓயாமல் இருப்பது இந்த ஒன்று. இதிலும் லண்டன் வாடைதான் அடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீழ்க்கையில் முழுவதையும் அடித்து முடித்தேன். சலூன்காரத் தம்பி துண்டை உதறியபடி, இது எந்தப் பாட்டு, நான் கேட்டதே இல்லையே என்றார்.

"இது இன்னும் லண்டனுக்குப் போய்ச் சேரல தம்பி" என்றேன்.