அமெரிக்கக் குவார்ட்டும் நம் வீட்டுச் சுப்பாக்கும்

ருக்குவின் அப்பாவுக்கு,

குழந்தை மெலிவது என் பிறந்த வீட்டு உடம்புவாகு என்றீர்கள். நேற்று மருந்துக்கடையில் அளந்து பார்த்தேன். பால்மாவு டப்பா அமெரிக்காவில் செய்தது; ஒரு குவார்ட் தண்ணீரில் கலக்கச் சொல்கிறது. அவர்கள் குவார்ட் 946 சி.சி. தான். நீங்கள் தண்ணீர் அளந்த சுப்பாக், அரிசி அளக்கும் படி, இங்கிலீஷ்காரன் குவார்ட், 1136 சி.சி. “குவார்ட்டுன்னா எல்லாம் ஒன்னுதான்” என்று ரயில்வே கிளார்க்கான நீங்களே சொன்னபின் நான் யார் மறுக்க? ஒரு மாதமாகப் பிள்ளை குடித்தது தண்ணீர்ப் பால்.

எடை பார்க்க டாக்டரிடம் தூக்கிப் போகிறேன். நாலு மணிப் பாலை நீங்களே கலக்குங்கள். கண்ணாடிக் கூஜாவில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது.

மீனாம்பாள்

அடுப்பின் மேல் ரசம் இருக்கிறது. உங்கள் சுப்பாக்கால்தான் தண்ணீர் விட்டேன். குடித்துவிட்டு, அது எந்த வீட்டு உடம்புவாகு என்று சொல்லுங்கள்.