தடை தேவையே, தடை தேவையில்லை

ஆகஸ்ட் 16, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருவது போல் இருட்டிவிட்டு ஏமாற்றியது. சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை நின்றபடி.

பஸ் முழுக்க அந்தத் துப்பாக்கி கேம் பேச்சு. அரசாங்கம் தடை செய்துவிட்டதாம். நேற்றிலிருந்து போனில் திறக்கவில்லையாம். முன் சீட்டு அம்மா: "எந்த மகராசன் கையெழுத்து போட்டானோ, அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்." கண்டக்டரும் ஆமாம் போட்டார். பின்சீட்டு காலேஜ் பையன் ஒருவன், இனிமேல் பஸ்ஸில் உங்கள் மூஞ்சிகளைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்றான். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

பள்ளியில் 9-பி கரும்பலகையில் 'கண்ணீர் அஞ்சலி'. கேமின் பெயர், சுற்றிலும் சாக்பீஸ் மாலை, கீழே 'உன் பிரிவால் வாடும் நண்பர்கள்'. அழிக்க மனம் வரவில்லை. ஓரத்தில் ஆகுபெயர் எழுதி நடத்தினேன். ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய். அவர் மகன் இந்த வருடம் பத்தாவது.

மிட்டாயை வாயில் போட்ட பிறகுதான் சே. ஞாபகம்.

சே. என்றால் என் வீட்டுக்காரர். டைரியில்கூட முழுப்பேர் எழுதக் கை வரவில்லை, அம்மா பழக்கிய பழக்கம். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவர். அவருடைய யூனிட்டை மூடியதிலிருந்து வீட்டில். ஆரம்பத்தில் வேலை தேடினார். அப்புறம், தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன சார், லீவா?" என்று கேட்கிறார்கள் என்று வெளியே போவது குறைந்தது. நாற்பத்தெட்டு வயதில் அந்த கேம் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். போனைத் திறக்கிறார், மூடுகிறார். காப்பி கொடுத்தேன். "நெட்டு பிராப்ளம்னு நெனச்சேன் ராணி" என்றார். அவ்வளவுதான்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 17, புதன்

நடுவர் ஐயா போன். ரிட்டயர்டு காலேஜ் வாத்தியார், எங்கள் பட்டிமன்றக் குழுவுக்கு அவர்தான் நடுவர், அவர்தான் மேனேஜர். சனிக்கிழமை சிதம்பரத்தில் ஜவுளி வியாபாரிகள் விழா. 'மாமியாரா மருமகளா' இல்லையாம். சூட்டோடு சூடாகத் தலைப்பை மாற்றிவிட்டார்கள்: வீடியோ கேம்களுக்குத் தடை, தேவையா தேவையில்லையா. நான் 'தேவையே' அணி.

எந்தப் பக்கம் என்பதெல்லாம் எங்களுக்குப் பந்தியில் இடம் மாதிரி. காலியாக இருக்கிற இலையில் உட்கார வேண்டியதுதான். "நீதாம்மா கடைசி. ஜனங்க சாப்பாட்டுக்கு எழுந்து போவாத மாதிரி சிரிக்க வெச்சிடு" என்றார் ஐயா. அவருக்கு இந்த கேமும் ரம்மியும் ஒன்றே. அது காசு வைத்து ஆடுவது, இது வேறு என்றேன். மேடையில் அதையெல்லாம் யார் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று விட்டார்.

குறிப்புக்கு: கண். கழுத்து வலி. படிப்பு. தூக்கம். அரசாங்கம் சொன்ன காரணம் வெளிநாட்டு சர்வர், நாட்டின் பாதுகாப்பு. அதில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பஸ்ஸில் அத்தனை அம்மாக்களும் தங்களுக்காகவே போட்ட தடை என்று நினைக்கிறார்கள். கணக்கு டீச்சரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை, நானும் மிட்டாய் தின்றவள்தானே.

சிரிப்புக்கு இன்னும் ஒன்றும் சிக்கவில்லை.

ஆகஸ்ட் 18, வியாழன்

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்தோம். சே. தானாகப் பேசினார். எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பேசி.

கேமில் நாலு பேர் ஒரு அணியாம். கீரப்பாளையத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் ஒருவன், அங்கே அவன் பெயர் 'கீரை'. திட்டக்குடிக்காரன் 'புலி'. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு நர்ஸ், 'ஊசி'. தினமும் பேசுவார்களாம். விதை நெல், நாத்தனார் சண்டை, எல்லாம். மூன்று பேருக்கும் இவர் 'மாமா'.

"போன் நம்பர் வாங்கி வெச்சிக்கக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு? தெனம் அங்கதான இருந்தோம்."

நிஜப் பெயர்கூடத் தெரியாதாம். கேமின் கதவைச் சாத்தியதும் நாலு பேரும் நாலு பக்கம். ஊசிக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, என்ன ஆயிற்றோ என்றார். என் புடவையை மடித்தபடியே சொன்னார், ஓரம் ஓரத்தோடு சேரவில்லை, பிரித்துத் திரும்ப மடித்தார்.

பாவமாக இருந்தது. ஊசி, கீரை என்று கேட்டபோது சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன். கூடவே இன்னொன்றும் வந்தது: இது மேடைக்கு ஆகும்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

சர்ச் பூசைக்கு நேரமிருக்கிறது. நேற்றைய கதையை எழுதிவிட வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. சே. என்கூட வந்தார். வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் வருகிறேன் என்று அவரே வேன் ஏறினார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. மூன்றாவது வரிசை.

வீட்டுக்காரரை மேடையில் கலாய்ப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் தொழிலே அது. ஆண் பேச்சாளர் மனைவியை, பெண் பேச்சாளர் புருஷனை. சே. வைத்த ரசம், சே. விட்ட குறட்டை, எல்லாம் மாவட்டம் முழுக்க அறிந்ததுதான். முன்பெல்லாம் நான் திரும்பி வந்ததும் "இன்னைக்கி என்னா திட்டு?" என்று கேட்பார். மறுநாள் கம்பெனியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பேசினேன். எங்கள் வீட்டில் பெரிய துக்கம் என்று ஆரம்பித்தேன். போனைத் திறந்து மூடுவதைச் செய்து காட்டினேன். பால்புட்டியைப் பிடுங்கின பிள்ளை மாதிரி, நாற்பத்தெட்டு வயசுப் பிள்ளை என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அவர் குரலை எடுத்தேன்: "ஏ ஊசி, மாமா சுடுறேன், நீ ஓடு. ஏ கீரை, நீயும் ஓடு." ஊசியும் கீரையும் இருந்தால் அது யுத்தமா ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். நடுவர் ஐயாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் இழுத்துக்கொண்டு போனது. "ஒரு ஆம்பள வீட்டுல சும்மா ஒக்காந்திருந்தா என்ன ஆவும்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் தடை போட்டுட்டாங்க" என்றேன். குறிப்பில் இல்லாத வரி.

எல்லாரும் சிரித்தார்கள். சே. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். பரங்கிப்பேட்டை திருப்பத்தில் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். "வுடு. மேடைன்னா அப்பிடித்தான்" என்றார்.

மணி அடிக்கிறது.

(பூசைக்குப் பிறகு) ஃபாதரும் பிரசங்கத்தில் தடையை வரவேற்றார். பிள்ளைகளை மீட்டுக் கொடுத்தது என்றார். முன்வரிசையில், நேற்று மண்டபத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சே. வரவில்லை. தலைவலியாம்.

ஆகஸ்ட் 24, புதன்

வெயில். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "பால்புட்டி டீச்சர், உள்ள வாங்க" என்று சீட்டு பிடித்துக் கொடுத்தார். உட்காரவே கூசியது.

மகள் ஜெனி திருச்சி ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். தோழிகள் காட்டினார்களாம், அவர்களோடு சேர்ந்து முதலில் சிரித்தாளாம். அப்புறம், "அப்பா பாத்தாங்களா மம்மி?" என்றாள். எதிரிலேயே இருந்தார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பால் பாக்கெட் வாங்கக்கூட சே. இப்போது போவதில்லை. என்னிடம் கோபம் காட்டினால்கூடப் பரவாயில்லை. பேச்செல்லாம் "சாப்டுறியா", "வெச்சிடு", "சரி". வாடகைக்கு இருப்பவர் போல நடந்துகொள்கிறார்.

ஒன்று யோசிக்கிறேன். அதே மேடை, அதே புருஷன் கதை. முன்பு ஏன் அவருக்கு வலிக்கவில்லை? அப்போது நான் கலாய்த்தது வேலைக்குப் போகிற ஒரு மனுஷனை. சிரிப்பு முடிந்ததும் அவர் யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். இப்போது சிரிப்பு முடிந்தால் போக இடமில்லை. இருந்த ஒரு இடத்தையும் அரசாங்கம் மூடியது. அதைச் சரி என்று பேசிக் கைதட்டு வாங்கியது நான்.

மாலை ஐயா போன். செப்டம்பர் 3, நம் சர்ச் பங்குத் திருவிழாவிலேயே நிகழ்ச்சி. எல்லாரும் கேட்கிறார்கள் என்று அதே தலைப்பு. இந்தத் தடவை நான் 'தேவையில்லை' அணி. வீட்டுக்காரர் கதையை அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்லிவிடு என்றார்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

ராத்திரி மழை, காலையில் கொடியில் துணி எல்லாம் மறுபடி ஈரம். மீன் விலை அநியாயம். முருங்கைக்கீரை வாங்கி வந்தேன்.

பேச்சை எழுதினேன். நன்றாகவே வந்தது. யூனிட்டை மூடிய அன்று கெமிக்கல் குழாய் லைன் எல்லாம் காலி செய்து, வால்வுகளைப் பார்த்து, ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கேட்டுக்கு வந்தவர் சே. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதிலிருந்து ஆரம்பித்து, பெயர் தெரியாத மூன்று பேர் வரைக்கும். எழுதும்போதே அழுகை வந்தது. அழுதுகொண்டே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், கைதட்டு விழும் என்றும் நினைத்தேன். சீ என்றாகிவிட்டது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன், இந்தத் தடவை உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லட்டுமா என்று.

கையிலிருந்த காம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லதோ கெட்டதோ, என்ன மேடைக்கு எடுத்துக்கிட்டுப் போவாத ராணி."

சரி என்றேன். எழுதியதைக் கிழித்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 4, ஞாயிறு

நேற்று சாயங்காலம். சர்ச் வாசலில் மாதா கெபி பக்கத்தில் மேடை, மைக் செட் கரகர. எங்கள் தெரு கூப்பிடு தூரம்தான், சே. வரவில்லை. கூப்பிடவும் எனக்கு வாயில்லை.

நான் எழுந்ததுமே கீழே இருந்து "வீட்டுக்காரர் கதை" என்று குரல். அவர் பெயரை எடுக்கவில்லை. நாட்டுப் பாதுகாப்புக்கு என்று தடை போட்டார்கள், நாம் நம் வீட்டுக் கோபத்துக்கு அதை எடுத்துக்கொண்டோம். ஒன்றை மூடுகிறபோது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்றேன். சிரிப்பே இல்லை. ஒரு குழந்தை அழுதது, அதன் அம்மா எழுந்து போனார். ஐயா என்னை முறைத்துவிட்டு 'தடை தேவையே' என்று தீர்ப்புச் சொன்னார். நல்ல தோல்வி.

மேடையை விட்டு இறங்கினால் ஒரு பெண் நிற்கிறாள். சுடிதார், கையில் டிபன் பை, சிறு வயது.

"அம்மா, அந்த வீடியோல ஊசின்னு சொன்னீங்களே. அது நான்தாம்மா."

டூட்டி முடித்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். வார்டில் யாரோ அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்தார்களாம், தன் பெயரைக் கேட்டதும் போனைப் பிடுங்கிப் பார்த்தாளாம். என் பெயரை விசாரித்து, இந்த நிகழ்ச்சியைக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். "மாமா நல்லா இருக்காங்களா? நீங்க சிரிச்சிக்கிட்டு சொன்னீங்க. நான் எல்லாரையும் தேடிக்கிட்டு இருக்கேன்."

வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் எனக்குப் பயம். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள், "மாமா" என்றாள். அவ்வளவுதான். முகம் தெரியாது, குரல் தெரியுமே. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ இவ்ளோ சின்ன பொண்ணா?" என்றார். அவள், நீங்கள் இவ்வளவு நரைத்தவரா என்று கேட்டுச் சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

டீ, முறுக்கு. கல்யாணம் தை மாதமாம். கீரப்பாளையத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்களை எல்லாம் விசாரித்தால் கீரை கிடைத்துவிடுவான், அடுத்த ஞாயிறு போகலாம் என்று இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். நான் அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சே. குரல் கம்பெனியில் ஷிப்டு பிரித்துக் கொடுப்பது போல இருந்தது.

பஸ் ஏற்றிவிடத் தானே கிளம்பினார். சட்டையை மாட்டிக்கொண்டு, தெரு நடுவில், எல்லாரும் பார்க்க. திருவிழாவிலிருந்து திரும்பி வந்த யாரோ "என்ன சார், லீவா?" என்றார்கள். "வேல இல்ல சார், தேடிக்கிட்டு இருக்கேன்" என்று நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ சிதம்பரத்துல தப்பா சொல்லிட்ட ராணி" என்றார்.

தெரியும் என்றேன். அந்த வரியைச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"அது இல்ல. 'மாமா சுடுறேன், நீ ஓடு'ன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. 'நீங்க மொதல்ல போங்க, மாமா பின்னாடி இருக்கேன்'னுதான் சொல்லுவேன்."