வட்டமிடாத வரி

யோக்யகர்த்தா,
9 பிப்ரவரி 1988

அன்புள்ள வெனிங் அக்காவுக்கு,

நான் மெய்ப்புத் திருத்திய உன் புத்தகம் உன் கைக்கு வருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். இருமல் எப்படி இருக்கிறது? ஜகார்த்தாவில் வெள்ளம் என்று வானொலியில் சொன்னார்கள். நீ ஒரு வரி போட்டிருக்கலாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் பிழை நேர்ந்துவிட்டது. செய்தது நான். அப்பா இறந்துபோகும் பக்கம். ‘அவர் கை என் கைக்குள் குளிர்ந்தது’ என்று முடித்திருக்கிறாய். முதல் மெய்ப்பிலும் படித்தேன், பேசாமல் தாண்டினேன். நீ வந்து சேர்ந்தது அவர் போன மறுநாள் மாலை. ஆனால் அது அச்சுப்பிழை இல்லையே. பொருளைத் திருத்துவது என் வேலை இல்லை. கடைசி மெய்ப்பில் அந்த வரியின் முடிவில் முற்றுப்புள்ளி விழவில்லை. செருகல் குறி போட்டு, ஓரத்தில் புள்ளி வைத்தேன். பென்சில் அங்கேயே நின்றது. பக்கத்தில், ‘அக்கா, அங்கே இருந்தது நான்’ என்று எழுதினேன். அழித்துவிடத்தான் எழுதினேன்.

ஓரத்தில் எழுதுவது அச்சில் வரக்கூடாது என்றால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். நான் போடவில்லை. அச்சுக் கோக்கும் கிட்டோ அதையும் சேர்த்துக் கோத்துவிட்டார். கேட்டால், கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தபடி, “வட்டம் இல்லையேம்மா. செருகுன்னு குறி இருந்துச்சு, செருகிட்டேன். எழுதுறவங்க திடீர்னு இப்படித்தான் எதையாவது எழுதுவாங்க,” என்கிறார்.

எண்ணூறு பிரதி கட்டி முடிந்துவிட்டது. பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒட்டலாம். அதன் வாசகத்தை நீ தர வேண்டும். அதற்குப் பிறகு நான் வேலையில் இருப்பதா என்று முதலாளி முடிவு செய்வார்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

ராத்ரி

*

ஜகார்த்தா,
14 பிப்ரவரி

ராத்ரிக்கு,

இருமல் குறையவில்லை. புத்தகம் உன் கடிதத்துக்கு முந்தியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, “‘அக்கா’ன்னு இருக்கே, அது யாரு? வீட்டுக்கு மூத்தவ நீதானே?” என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வட்டம் போட மறந்தாயா, மனம் வரவில்லையா? நாலு வருடமாக ஊரார் விட்ட புள்ளியையெல்லாம் பிடிக்கிறவள் நீ.

அன்று என் ரயில் வழியில் க்ரோயாவில் பதினோரு மணி நேரம் நின்றது, தண்டவாளத்தில் தண்ணீர். அவ்வளவு நேரமும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதினால் பொய்யா? நீ பக்கத்தில் இருந்தாய். உனக்கு அது கிடைத்தது. எனக்கு ஒரு பக்கம்கூட விடமாட்டாயா?

சீட்டில் இதைப் போடு: ‘பக்கம் 112, கடைசி வரியை நீக்குக.’ வேறொன்றும் வேண்டாம்.

வெனிங்

*

யோக்யகர்த்தா,
20 பிப்ரவரி

அக்கா,

மறுபதிப்புக்கென்று வைக்கும் பிரதியில் என் வரிமேல் நானே கோடிழுத்து, ஓரத்தில் நீக்கல் சுழி போட்டுக் கொடுத்தேன். சீட்டு அடித்தாயிற்று. ஒன்று இத்துடன் இருக்கிறது. நீ சரி என்றதும் ஒட்டத் தொடங்குவோம்.

மறந்தாயா என்று கேட்டாய். கிட்டோ தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பென்சில் என் கையில்தான் இருந்தது. கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் எனக்கும் தெரியும். இந்த நாட்களில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சந்தைக்குப் போகிறேன், எதுவும் வாங்காமல் திரும்பி வருகிறேன்.

எனக்குக் கிடைத்தது என்கிறாய். என்ன கிடைத்தது என்று உனக்குத் தெரியாது. கடைசி மாதத்தில் சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. நான் கையைத் தொட்டதும், உன்னை வீட்டில் கூப்பிடுகிற பேரைத்தான் சொன்னார். “நிங்கா? வந்துட்டியா?” ராத்ரி என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் கேட்டார். “ஆமாப்பா, நிங்தான்,” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் உன்னிடம்தான் பேசினார். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அந்த அறையில் நான் இல்லவே இல்லை, அக்கா. நீ எழுதியது சரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ராத்ரி

*

ஜகார்த்தா,
26 பிப்ரவரி

ராத்ரி,

சீட்டை ஒட்ட வேண்டாம். உன் முதலாளிக்குத் தனியாக எழுதிவிட்டேன்: அந்த வரி கடைசி நேரத்தில் நான் சேர்க்கச் சொன்னது, அப்படியே இருக்கட்டும் என்று. உன் வேலைக்கு ஒன்றும் வராது. கிட்டோவோடும் சண்டைக்கு நிற்காதே. என் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்கு நன்றி என்று எழுதிவிடாதே. கோபம் தீரவில்லை.

‘உன்னிடம்தான் பேசினார்’ என்று எழுதி அதோடு நிறுத்திவிட்டாய். என்ன பேசினார்? மூன்று வருடமாக நீயே வைத்துக்கொண்டிருக்கிறாய். அது எனக்குச் சொன்னது, ராத்ரி. அவர் சொன்னது சொன்னபடியே எழுதி அனுப்பு.

நிங்